இடக்கைப் பெட்டிகள்

கனகாம்பிகையின் கண்ணுக்குத் தப்பிய பெட்டி இனிமேல்தான் இழைக்கப்பட வேண்டும் என்று சங்குவேலிப் பெண்கள் சொல்வார்கள். பாராட்டிச் சொல்கிறார்களா, வயிறெரிந்து சொல்கிறார்களா என்பது அன்றைக்கு யாருடைய பெட்டி திரும்பியது என்பதைப் பொறுத்தது. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அவள் இருப்பாள். பெட்டியை எடுப்பாள், அடியைத் தட்டுவாள், விளிம்பில் பெருவிரலை ஓட்டுவாள், மூடியைப் போட்டு ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். நல்லதென்றால் வலப்பக்கம் வைப்பாள், இல்லையென்றால் இடப்பக்கம். அதற்கு மேல் அவளோடு கதைத்துப் பிரயோசனமில்லை.

கொட்டகை வாசலில் ஒரு பெரிய பதாகை தொங்கியது. பாரம்பரியக் கைப்பணியைக் காப்போம், பெண்களின் வாழ்வாதாரத்தை உயர்த்துவோம் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே ஒரு பெண் சிரித்தபடி ஓலைக் கடகம் இழைத்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தகத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், படம் எடுத்த அன்றைக்குத்தான் அந்தக் கத்தியை முதன்முதலாகக் கண்டவள் என்று யாரும் சொல்வார்கள். வெளிநாட்டுக் காசில் நடந்த ஒரு நிறுவனம்தான் கொட்டகையைப் போட்டுக் கொடுத்தது. ஜெயனி என்ற பெண்பிள்ளை அதன் உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே எல்லாரையும் அன்ரி என்று கூப்பிட்டுக்கொண்டு வருவாள்.

சங்குவேலியில் ஓலைப் பன்னவேலை தெரியாத வீடு குறைவு. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் கட்டிய நேரம் போக, மிச்ச நேரத்தில் கடகமும் பாயும் இழைத்த கைகள்தான் எல்லாம். இப்போது கொழும்பில் ஒரு கடை கேட்பதோ சின்ன மூடுபெட்டி. வெள்ளைப் பனங்குருத்தோலையில் ஒரேயொரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு அடியில் தொடங்கி, வலப்பக்கமாகச் சரிந்து ஏறி, மூடியிலும் முறியாமல் போய் உச்சியில் முடிய வேண்டும். மாதிரிப் பெட்டி கனகாம்பிகையின் கையால் ஆனது. கடைக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டிய அன்றைக்கே தரம் பார்க்கிற கதிரையும் அவளுக்கு வந்துவிட்டது. அவள் திருப்பிய பெட்டிக்குக் காசு இல்லை.

வைகாசியில் நல்லம்மாவின் பெட்டிகள் திரும்பின. நல்லம்மா ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

"எங்கை பிழை? காட்டு பாப்பம்," என்று அவள் எழும்பி வந்தாள்.

"விளிம்பு பொத்தினது இளகிக் கிடக்கு. விரலை வைச்சுப் பார்."

"கொழும்பிலை வேண்டுறவன் விரலை வைச்சே பாக்கப்போறான்?"

"அவன் பாக்கிறானோ இல்லையோ, நான் பாத்திட்டன்."

"முகத்தைப் பாத்தாவது விடன் கனகம். ஓலை வார்ந்து வார்ந்து என்ரை விரலெல்லாம் வெட்டு."

"முகம் பாத்து விடுறதெண்டால் இந்தக் கதிரையிலை வேறை ஆரையும் இருத்துங்கோ. நான் பெத்த பிள்ளையின்ரை பெட்டி எண்டாலும் இளகிக் கிடந்தால் திருப்புவன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கொட்டகையில் ஓலையைச் சத்தகத்தால் கீறி வார்கிற சத்தம் நின்றுபோயிற்று. கனகாம்பிகைக்குப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் வாய் திறந்து நான்கு வருடமாகிறது. நல்லம்மா தன் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சுபாஜினி பிறவியிலேயே இடக்கைக்காரி. தவழ்கிற வயதில் கிலுக்கட்டியை இடக்கையால் எட்டியபோதே கனகாம்பிகை அதைப் பறித்து வலக்கையில் திணித்தாள். இடக்கையால் விளக்கேற்றுகிறவள், இடக்கையால் விபூதிக்குக் கை நீட்டுகிறவள், நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போய் இடக்கையால் சோறு போட்டால் ஊர் யாரைச் சிரிக்கும்? பெற்றவளைத்தானே சிரிக்கும். எழுதுகிற கையைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்துத் திருத்தினார். இழைக்கிற கையைத் தாய் பார்த்துக்கொண்டாள். பழைய சேலையில் ஒரு கிழியலை எடுத்து, பிள்ளையின் இடக்கையை யன்னல் கம்பியோடு கட்டிவிட்டு, "இப்ப இழை," என்பாள். ஒற்றைக் கையால் யாரும் இழைக்க முடியாது. ஆகையால் விரல் நுனி மட்டும் ஓலையைப் பிடிக்கக் கூடியதாகக் கிழியலைக் கொஞ்சம் நீட்டி விடுவாள். அவ்வளவு கவனமாகத்தான் கட்டினாள். பிள்ளை மூக்கைச் சிந்திச் சிந்தி இழைத்துக் கொடுத்த பெட்டி கோணிக்கொண்டு நிற்கும்.

தாய் தண்ணீர் கட்டத் தோட்டத்துக்குப் போனால் தகப்பன் தியாகலிங்கம் வந்து முடிச்சை அவிழ்த்துவிடுவார். பிறகு பார்க்க வேண்டும் அந்தக் கையின் ஓட்டத்தை. தாய் திரும்பி வரும்போது மினுமினு என்று ஒரு பெட்டி முடிந்திருக்கும். சங்குவேலிப் பெட்டிகளில் இழை வலப்பக்கம் சரிந்து ஏறினால், இதில் இடப்பக்கம் சரிந்து ஏறும். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி எல்லாம் மாறி இருக்கும். கனகாம்பிகை அதை அடிவரைக்கும் குலைத்துவிட்டு, ஓலையைப் பிள்ளையின் மடியில் போடுவாள்.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, யாழ்ப்பாணம் போய் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது, குருநகர் டினேசோடு பழகியது. கடலுக்குப் போகிற பெடியன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். சாதி மட்டும் வேறென்றால் ஊர் கொஞ்சக் காலம் கதைத்துவிட்டு ஓய்ந்திருக்கும். சமயம் மட்டும் வேறென்றாலும் ஒரு மாதிரிச் சமாளித்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து வந்ததைக் கனகாம்பிகையால் விழுங்க முடியவில்லை. அவள் வாசல் படலையைச் சாத்தினாள். சுபாஜினி வெளியே நின்று, "இனி ஓலையும் தொடமாட்டன், என்ரை கையைக் கட்டவும் ஒருத்தரையும் விடமாட்டன்," என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

ஆனி மாதம் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகைத் தகரம் படபடத்தது. ஓலை காய்ந்து முறிகிறது என்று பெண்கள் ஈரத் துணியைப் போட்டு மூடி வைத்து இழைத்தார்கள். அந்தக் காற்றுக்குள்தான் மேர்சி பஸ்ஸால் இறங்கி, தலையில் ஒரு சாக்குமூட்டையோடு வந்தாள். கடற்கரைப் பெண்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று நிறுவனம் முடிவெடுத்திருந்தது. மீன் கொண்டுபோகிற உமல் இழைத்துப் பழகிய கைகள் குருநகரில் இருந்தன. அவர்களுக்கு ஓலையும் மாதிரியும் கொண்டுபோய்க் கொடுத்து, இழைத்ததைச் சேர்த்துக் கொண்டுவருவது மேர்சியின் பொறுப்பு. அது அவள் கொண்டுவந்த முதல் மூட்டை.

கனகாம்பிகை பார்த்துக்கொண்டே வந்தாள். வலம், வலம், இடம், வலம். பிறகு ஒரு பெட்டி கையில் வந்தது. அடி இறுக்கம். விளிம்பில் பெருவிரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூடியைப் போட்டாள், சிவப்புக் கோடு ஓரிடத்திலும் முறியவில்லை. ஆனால் அது இடப்பக்கமாகச் சரிந்து ஏறியது. அவள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாக்குக்குள் கையை விட்டாள். அடுத்ததும் இடப்பக்கம். அதற்கடுத்ததும் அப்படியே.  குலைத்துக் குலைத்துப் போட்ட அதே கை, ஒரு பிசகில்லாமல், அவளுடைய மடியிலேயே வந்து கிடந்தது.

"அது நல்ல வேலைக்காரி அக்கா," என்றாள் மேர்சி. "எங்கடை ஆக்களுக்குள்ளை அவதான் முதல் முடிச்சுத் தந்தவ. அவ ஆரெண்டால்..."

"ஆரெண்டு எனக்குச் சொல்லவேண்டாம். பெட்டியைத்தான் நான் பாக்கிறது."

"சரி அக்கா. பெட்டியைப் பாருங்கோ. வடிவுதானே?"

"கோடு மாறிக் கிடக்கு."

"மாறினாலும் முறியேல்லையே."

"மாதிரியிலை எந்தப் பக்கம் ஏறுது? வலப்பக்கம். இது?"

மேர்சி மாதிரியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம், அதுவரை அந்த வித்தியாசம் அவள் கண்ணில் படவேயில்லை. ஜெயனி ஸ்கூட்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து, ஒரு பெட்டியை எடுத்தாள்.

"இதுக்கு என்ன அன்ரி? மற்றதுகளை விட இது வடிவாத்தானே கிடக்கு."

"மாதிரிக்கு மாறு, பிள்ளை."

"கடைக்காரர் உதெல்லாம் கவனிக்கமாட்டினம். நான் அவையோடை கதைக்கட்டே?"

"நீர்தானே எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேணும் எண்டு வகுப்பெடுத்தனீர்."

ஜெயனி பெட்டியைத் திரும்பச் சாக்கின் மேல் வைத்தாள். அவள் அப்படித்தான் வகுப்பெடுத்திருந்தாள். அப்போது நல்லம்மா மெல்ல எழும்பி வந்து, ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாள். ஒழுங்கையால் போய் வந்த காலத்தில், யன்னல் கம்பியில் கட்டுண்டிருந்த சின்னக் கையை அவளும் கண்டவள்தான். கோட்டைப் பார்த்தாள். கனகாம்பிகையைப் பார்த்தாள். வைகாசியில் பட்டதற்கு இன்றைக்கு நல்லாய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விடன் கனகம்," என்றாள். "நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டம். விடன்."

அந்த இரக்கம்தான் கெடுத்தது. நல்லம்மா கேலி செய்திருந்தால் கனகாம்பிகை வீம்புக்காவது பெட்டிகளை வலப்பக்கம் வைத்திருப்பாளோ என்னவோ. நல்லம்மாவின் இரக்கத்தை ஏற்றுக்கொண்டு நாளைக்கு அந்தக் கதிரையில் எப்படி இருப்பது? எல்லார் கண்ணும் அவளுடைய கையில் இருந்தது. அவள் ஒவ்வொன்றாய் எடுத்து இடப்பக்கம் அடுக்கினாள். அவசரப்படாமல், ஒன்றும் நசியாமல் அடுக்கினாள்.

"கொண்டுபோய்க் குடும் மேர்சி. மாதிரிக்கு மாறு எண்டு சொல்லும்."

ஒரு பெட்டி மட்டும் மூட்டைக்குள் திரும்பிப் போகவில்லை. அதை அவள் தன் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதை நல்லம்மா கண்டாள். கண்டும் காணாதவள் போல ஓலை வார்ந்தாள்.

அன்று சனிக்கிழமை. தியாகலிங்கம் ஓரா மீன் கொண்டுவந்து வைத்திருந்தார். மானிப்பாய்ச் சந்தையில் மீன் இல்லாத நாள் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமைகளில் அவர் குருநகர் மட்டும் சைக்கிளை மிதித்துப் போய்த்தான் மீன் வாங்குவார். அங்கே புதுசு என்பார். அவ்வளவு தூரம் ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான். புளி கரைத்து, வெந்தயமும் உள்ளியும் போட்டு அவள் குழம்பு வைத்தாள். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள்.

"மேர்சி வந்தவவோ?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"மேர்சி எண்டு ஒரு ஆள் இருக்கிறதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இடப்பக்கம் ஏறினதெல்லாத்தையும் திருப்பிப்போட்டியோ?"

"மாதிரிக்கு மாறினதைத் திருப்பினனான்."

"ஆற்றை கை எண்டு விளங்கேல்லையோ?"

"விளங்கினது."

"விளங்கியுமோ திருப்பினனீ?"

"இனி ஓலை தொடமாட்டன் எண்டுதானே போனவள். இப்ப ஏன் தொட்டவள்?"

"வலையெல்லாம் போச்சுது கனகம். இந்தியன் றோலர்ப் படகு எல்லாத்தையும் அறுத்து இழுத்துக்கொண்டு போச்சுது. வள்ளம் கரையிலை கவிண்டு கிடக்கு. பெடியன் கூலிக்கு ஆற்றையோ வள்ளத்திலை போறான். கூப்பிட்டால் உண்டு, இல்லாட்டில் இல்லை. நான் காசு குடுத்துப் பாத்தனான். வேண்டமாட்டன் எண்டிட்டாள். ‘வேலை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ அப்பா’ எண்டாள். உங்கடை கொட்டகை ஓலை குருநகருக்கு வருதெண்டு நான்தான் சொன்னனான்."

"நான்தான் பெட்டி பாக்கிறதெண்டும் சொன்னியளோ?"

"சொல்லாமல்? அதுக்குத்தானே அவள் இழைச்சவள். சோத்துக்கையாலை இழைக்க அவளுக்குத் தெரியாதோ? நீதானே பழக்கினனீ. மாதிரியைக் கையிலை வைச்சுக்கொண்டும் தன்ரை கையாலைதான் இழைச்சவள். ‘அம்மா எடுத்தவுடனை என்ரை எண்டு விளங்கும், விளங்கினால் ஒருக்கால் யோசிப்பா’ எண்டு என்னட்டைச் சொன்னவள். அவள் உன்னட்டை இரந்து வரேல்லை. இழைச்சு அனுப்பினவள்."

"நல்லம்மா பக்கத்திலை நிண்டவள்," என்றாள் கனகாம்பிகை. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நல்லம்மாவே எங்களுக்குக் கொள்ளி வைக்கப்போறாள்?"

அவர் எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். மீன் துண்டு தொடாமல் சோற்றுக் கோப்பையில் கிடந்தது. அன்றைக்குப் பிறகு அவர் அவளோடு அதிகம் கதைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. வீட்டில் மீனும் மச்சமும் நின்றன. அந்த நாட்களிலும் அவர் சனிக்கிழமை தவறாமல் உமலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு குருநகருக்குப் போனார். வரும்போது உமலில் கத்தரிக்காயும் பயற்றங்காயும் இருந்தன. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அப்படி அவர் போயிருந்த ஒரு நாள்தான் கனகாம்பிகை அலுமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள், மூடினாள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. திருப்பின பெட்டிகளை இப்போது சரியென்று வாயால் சொல்ல முடியாது. ஆனால் மாதிரியை மாற்றலாம். இடப்பக்கம் ஏறுகிற ஒரு மாதிரியும் கொட்டகையில் இருந்துவிட்டால், அடுத்த மூட்டையில் வருகிறதை யார் முகத்தையும் பார்க்காமல் வலப்பக்கம் வைக்கலாம். மகளின் பெட்டியையே மாதிரியென்று காட்டினால் கதை வரும். மாதிரி தன் கையால் ஆனதாக இருக்க வேண்டும். இதுதான் கனகாம்பிகை. இறங்கி வருவதற்கும் அவளுக்கு ஒரு ஏணி வேண்டும், அந்த ஏணியும் அவளுடையதாகவே இருக்க வேண்டும்.

விறாந்தையில் சாக்கை விரித்து இருந்தாள். ஓலையை இடக்கைக்கு மாற்றினாள். அறுபது வயதில் அந்தக் கை ஒன்றுக்கும் உதவாத கை என்று அன்றைக்குத்தான் கண்டாள். விரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அடி முடிய முன்னமே இடுப்பும் நாரியும் நோகத் தொடங்கின. அதைவிடத் தொல்லை, வலக்கை சும்மா இருக்கவில்லை. கூப்பிடாமலே வந்து நுழைந்து, இழையைப் பறித்துத் தன் பக்கத்துக்குத் திருப்பியது. அதட்டி வைத்தாலும் திரும்பவும் வந்தது. இதை அடக்குவதற்கு ஒரே வழி கட்டிப்போடுவதுதான் என்று அவள் நினைத்தாள். நினைத்தவுடன் ஓலையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். வெளியே பூவரச இலை காற்றில் உருண்டது. யன்னல் கம்பியில் இன்னும் அந்தக் கிழியல் தேய்ந்த அடையாளம் இருந்தது. நாலு வயதுப் பிள்ளை, ஆறு வயதுப் பிள்ளை, பத்து வயதுப் பிள்ளை, எல்லாம் அதில் கட்டுண்டு இருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் அழுதாள். பக்கத்தில் யாரும் இல்லாதபடியால்தான் அழுதாள்.

குலைத்தும் இழைத்தும் ஒரு பெட்டி முடிந்தது. கோணல்தான். விளிம்பு சில இடத்தில் இளகிக் கிடந்தது. ஆனால் கோடு இடப்பக்கம் ஏறியது. ஜெயனி அதைப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினாள். பதில் வந்த அன்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அன்ரி, அவைக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஒண்டு இந்தப் பக்கம், ஒண்டு அந்தப் பக்கமாச் சோடி சோடியா வைச்சு விக்கலாமாம். அரைவாசிக்கு இடப்பக்கம் வேணுமாம். நான் மேர்சியக்காவுக்குப் ஃபோன் பண்ணிச் சொல்லட்டே?"

"வேண்டாம் பிள்ளை. மூட்டை வரேக்கை நானே சொல்லுறன்."

ஏன் அப்படிச் சொன்னாள்? அடுத்த மூட்டையிலும் அந்த இடக்கைப் பெட்டிகள் வரும், தானே எடுத்து எல்லாருக்கும் முன்னால் வலப்பக்கம் வைக்கலாம் என்று ஆசைப்பட்டாள். பெட்டி ஒருமுறை திரும்பினாலும் மகள் தன் பிடியை விடமாட்டாள் என்று நம்பினாள். தன் வயிற்றில் பிறந்தவள் தன்னைப் போலத்தான் இருப்பாள் என்று நினைத்துவிட்டாள்.

நல்லூர்த் தேர் முடிந்து மேர்சி வந்தாள். கனகாம்பிகை அன்று வெள்ளனவே போய்க் கதிரையில் இருந்தாள். தன் கோணல் பெட்டியை மாதிரியின் பக்கத்தில் எல்லாரும் காண வைத்திருந்தாள். மூட்டை அவிழ்ந்தது. முதல் பெட்டி வலப்பக்கம் ஏறியது. இரண்டாவதும் அப்படியே. அவள் அடியைத் தட்டவுமில்லை, விளிம்பைத் தடவவுமில்லை. கோட்டை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். கடைசியில் சாக்கைக் கவிழ்த்து உதறினாள். ஓலைத்தூள் மட்டும் விழுந்தது. இடப்பக்கம் ஏறுகிற பெட்டி ஒன்றுகூட இல்லை.

"இந்தமுறை நீங்கள் ஒண்டும் திருப்பமாட்டியள் அக்கா," என்றாள் மேர்சி சந்தோசத்தோடு.

"போனமுறை மாறி இழைச்ச ஆள்... இந்தமுறை தரேல்லையோ?"

"தந்தவ அக்கா. இந்தா, இந்தக் கரையிலை கிடக்கிறதெல்லாம் அவவின்ரைதான்."

கனகாம்பிகை ஒன்றை எடுத்தாள். வலப்பக்கக் கோடு. இறுக்கம். பிழை சொல்ல ஒன்றுமில்லை.

"கெட்டிக்காரி. கையை மாத்திப்போட்டா," என்றார்கள் பின்னால் யாரோ.

"எங்கை மாத்தினது?" என்றாள் மேர்சி. "அதையேன் கேக்கிறியள். நாங்கள் கண்டிட்டு முதல் சிரிச்சுப்போட்டம். இடக்கையை ஒரு சேலைக் கிழியலாலை கதிரைக் காலோடை கட்டிப்போட்டல்லோ இழைக்குது. டினேஸ் வந்து அவிட்டுவிட, திரும்பக் கட்டச் சொல்லி அவனோடை சண்டை. ‘எங்கடை அம்மா இப்பிடித்தான் கட்டிவிடுறவ, கட்டினால்தான் எனக்குச் சரியா வரும்’ எண்டு சொல்லுது. மணிக்கட்டெல்லாம் கண்டிச் சிவந்துபோய்க் கிடக்கு. நாங்கள் பிறகு சிரிக்கேல்லை."

எல்லாரும் கனகாம்பிகையைத் திரும்பிப் பார்த்தார்கள். மேர்சிக்கு மட்டும், தான் யாரிடம் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் மெல்ல விளங்கத் தொடங்கியது. அவள் கனகாம்பிகையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக்கை மடித்தாள்.

கனகாம்பிகை கையிலிருந்த பெட்டியை வலப்பக்கம் வைத்தாள். "மேர்சி, இனிமேல் ரண்டு பக்கமும் எடுப்பம். அரைவாசிக்கு இடப்பக்கம் வேணுமாம். அவளுக்கு... அவவுக்குச் சொல்லும். தன்ரை கையாலை எவ்வளவு ஏலுமோ அவ்வளவு இழைக்கட்டாம். ஒண்டும் திரும்பாது." தன் கோணல் பெட்டியை எடுத்து, ஒரு பேப்பரில் சுற்றினாள். "இதையும் குடும். புது மாதிரி எண்டு சொல்லும். நான் இழைச்சது எண்டும் சொல்லும்."

"அக்கா, நீங்களே ஒருக்கால் வாங்கோவன்."

"முதல் இதைக் குடும்."

அதிலும் ஏணிதான்.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தது. கொட்டகைக்குள் ஈர ஓலையின் மணம் அடைத்துக்கொண்டு நின்றது. மேர்சி குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, மூட்டையை இறக்கினாள்.  கைப்பையிலிருந்து அந்தப் பேப்பர்ச் சுருளை எடுத்து, கனகாம்பிகையின் மடியில் வைத்தாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. அவ சொல்லச் சொன்னதைத்தான் சொல்லுறன்."

"சொல்லும்."

"பெட்டியை வாங்கினவ. நீங்கள் இழைச்சதெண்டும் சொன்னனான். அடியைத் தட்டிப் பாத்தவ. விளிம்பிலை பெருவிரலை ஓட்டினவ. மூடியைப் போட்டு ஒருக்காச் சுத்திப் பாத்தவ. பேந்து, ‘பொத்து இளகிக் கிடக்கு, மாதிரிக்கும் மாறு, திருப்பிக் குடுங்கோ’ எண்டவ."

"வேறை?"

"சோத்துக்கையாலை எவ்வளவு வேணுமெண்டாலும் இழைச்சுத் தருவாவாம். இடப்பக்கம் இழைக்க வேறை ஆரையும் பாக்கட்டாம்."

"அழுதவளோ?"

"இல்லை அக்கா."

மழை தகரத்தில் கொட்டியது. நல்லம்மா சத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். கனகாம்பிகை பேப்பரைப் பிரித்துத் தன் பெட்டியை எடுத்தாள். விளிம்பில் பெருவிரலை ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் தட்டியது, இன்னொரு இடத்தில் இழை எழும்பி நின்றது.

"ஓம்," என்றாள். "இளகித்தான் கிடக்கு."

அதை இடப்பக்கம் வைத்தாள். பிறகு சாக்குக்குள் கையை விட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். சிவப்புக் கோடு வலப்பக்கம் சரிந்து ஏறியிருந்தது. அடி இறுக்கம், விளிம்பு இறுக்கம். அதை அவள் வலப்பக்கம் வைத்தாள்.